ஓடுபாதை 07, பிள்ளையார்பாளையம்

புது கம்ப்யூட்டர் வந்தால் ஃப்ளைட் சிமுலேட்டர் வைத்திருக்கிறவன் துள்ளிக் குதிப்பான் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பட்டுச்சேலைக்கு டிசைன் போடுவது என் தொழில். பகலெல்லாம் கிராப் கட்டங்களை நிரப்பும் அதே பெட்டி, தெருவில் தறிச்சத்தம் அடங்கியதும் விமானமாகிவிடும். அதன் மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பத் தொடங்கியிருந்தன. உள்ளே ஓடிய விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. மாற்றாமல் தீராது. தொழில் சம்பந்தப்பட்டதை மாற்றுவது ஒரு மத்தியான வேலை. டிசைன்கள் வெறும் படக்கோப்புகள், எங்கே வைத்தாலும் திறக்கும். சிமுலேட்டர் அப்படிப்பட்ட ஜந்து இல்லை.

"ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி ஒட்டிடலாமே மாமா" என்றான் அக்கா மகன். பாகம் பாகமாக வாங்கிவந்து புதுப் பெட்டியைப் பூட்டியவன் அவன்தான். இந்தக் காலத்து விளையாட்டுகளுக்கு அவன் சொல்வது சரி. 2006 அக்டோபரில் வெளிவந்த ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸுக்கு, நாங்கள் எஃப்எஸ்எக்ஸ் என்று சொல்வதற்கு, அது செல்லாது. அவனுக்கு அன்று சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் உட்கார்ந்துகொண்டு எதற்கு விமானம் என்று கேட்பவர்கள் உண்டு. ஊருக்கு நேர் வடக்கே அரக்கோணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் ராஜாளி இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் அது. 1992 மார்ச்சில் கடற்படை விமானத் தளமாக ஆனது. அதன் ஓடுபாதை நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளம். அங்கே டியூ-142 என்ற ரஷ்ய விமானம் இருந்தது. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு புரொப்பெல்லர்கள். அந்த முரட்டு ரீங்காரத்தைக் கேட்டவன் ஜெட் சத்தத்தை விமானச் சத்தம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டான். 2017 மார்ச் 29-ல் அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். அதற்கு முன்பே, 2013-லிருந்து, பி-8ஐ வர ஆரம்பித்திருந்தது. வெளித்தோற்றத்தில் அது போயிங் 737-800-ன் உடம்புதான். பயணிகளின் இடத்தில் நீர்மூழ்கி தேடும் கருவிகள் இருக்கின்றன. நான் வீட்டில் ஓட்டுவதும் 737. மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற விமானத்தின் ஒன்றுவிட்ட தம்பியைக் கீழே அறையில் ஓட்டலாம் என்பது சின்ன விஷயமா?

இன்னொரு காரணமும் உண்டு, அது கோணக்கணக்கு. சென்னை விமான நிலையமான மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதைக்கு 07/25 என்று எண். நீளம் 3,658 மீட்டர். மேற்கிலிருந்து வந்து கிழக்கு நோக்கி இறங்கினால் அது 07. அந்தக் கோட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து மேற்கே நீட்டிப் பாருங்கள், ஏறக்குறைய 29 கடல் மைல் தள்ளி எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். இறங்கும் சரிவு 3 டிகிரி என்றால் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 318 அடி. அந்தச் சரிவையும் பின்னோக்கி நீட்டினால் ஏகாம்பரநாதர் கோயிலுக்கு மேலே 9,000 அடிச் சொச்சம் வருகிறது. நிஜத்தில் யாரும் அவ்வளவு தூரத்திலிருந்து நேர்கோட்டில் சரிந்து வருவதில்லை. பத்து மைலுக்கு உள்ளேதான் 3,000 அடியில் சரிவைப் பிடிப்பார்கள். ஆனாலும் என் ஊரும் ஓடுபாதை 07-ம் ஒரே கோட்டில் இருக்கின்றன என்று கண்டுபிடித்த பிறகு எனக்கு வேறு விமான நிலையமே வேண்டியிருக்கவில்லை. உலகத்தில் 24,000 விமான நிலையங்களை எஃப்எஸ்எக்ஸின் டிவிடி தட்டுகளில் அடைத்துக் கொடுத்திருந்தார்கள். நான் ஒன்றில்தான் இறங்குகிறேன்.

இப்போது காப்பி பண்ணும் கதைக்கு வருகிறேன். எஃப்எஸ்எக்ஸ் ஒரு ஃபோல்டரில் குடியிருப்பது போலத் தெரியும், உண்மையில் அதன் குடித்தனம் நாலு வீட்டில் நடக்கிறது. பெரிய உடம்பு புரோகிராம் ஃபைல்ஸில். கிராஃபிக்ஸ், ஜாய்ஸ்டிக் அமைப்புகள் ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டரில். எந்த ஊர்க் காட்சி எதன் மேல் படிய வேண்டும் என்ற அடுக்குப் பட்டியலான சீனரி.சிஎஃப்ஜி, புரோகிராம்டேட்டா என்ற வேறொரு மறைவில். சேமித்த பயணங்களும், பறந்த மணிநேரம் அத்தனையும் அடங்கிய லாக்புக்கும் டாக்குமென்ட்ஸில். இவை போக, 'நான் இங்கே குடியிருக்கிறேன்' என்று விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவைத்த முகவரி. அந்த முகவரி இல்லாவிட்டால் எந்தக் கூடுதல் விமானத்தின் இன்ஸ்டாலரும் வாசலிலேயே நின்று 'சிமுலேட்டரைக் காணோம்' என்று திரும்பிப் போய்விடும்.

ஐந்தாவதாக ஒரு திருட்டு அறையும் உண்டு. விஸ்டாவிலிருந்து விண்டோஸ் ஒரு காரியம் செய்கிறது. புரோகிராம் ஃபைல்ஸுக்குள் இருக்கும் கோப்பைப் பழைய புரோகிராம் திருத்த முயன்றால், 'சரி, திருத்திக்கொள்' என்று தலையாட்டிவிட்டு, திருத்திய பிரதியை வர்ச்சுவல்ஸ்டோர் என்ற தனி இடத்தில் ஒளித்து வைத்துவிடும். ஒருவன் வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்துத் திருத்திய கோப்பு ஒரு இடத்தில் இருக்கும், அவன் பென்டிரைவில் எடுத்துப் போவது கன்னி கழியாத மூலக்கோப்பாக இருக்கும். காப்பி பண்ணி ஒட்டியவர்கள் 'எல்லாம் வந்துவிட்டது, ஆனால் எதுவும் பழையபடி இல்லை' என்று புலம்புவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். புதுப் பெட்டியில் புரோகிராம் ஃபைல்ஸ் பக்கமே போகாமல், சி டிரைவின் தலைவாசலில் எஃப்எஸ்எக்ஸ் என்று தனி ஃபோல்டர் போட்டு அதில் நிறுவுங்கள் என்று பழையவர்கள் சொல்வது சடங்குக்காக இல்லை.

எங்கள் தெருவில் ஒரு பாவு நெய்து முடிகிறபோது பழைய இழைகளை அடியோடு அறுத்து எறிய மாட்டார்கள். விழுதிலும் அச்சிலும் கோத்தது கோத்தபடி இருக்க, நுனிகளை மட்டும் விட்டுவைத்து, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் அதனதன் பழைய இழையோடு விரலால் முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று மாறிப் பிணைந்தாலும் பூ கோணிக்கொள்ளும். சிமுலேட்டரை மாற்றுவதும் அந்த வேலைதான். அறுத்து ஒட்டுவது அல்ல, எந்த நுனி எந்த நுனியோடு என்று பார்த்துப் பார்த்துச் சேர்ப்பது. அதற்கு முதலில் பழைய நுனிகள் எவை என்று தெரிய வேண்டும்.

ஆகவே, பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். என்னென்ன கூடுதல் விமானங்கள், எதற்கு எந்தப் பதிவு எண், எதை எதற்குப் பிறகு நிறுவியது. சீனரி பட்டியலில் மேலிருந்து கீழாக எந்த வரிசை. இந்த வரிசைதான் உயிர்நாடி. மீனம்பாக்கத்துக்கு இரண்டு கோப்புகள் இருந்து, பழையது மேலே ஏறிவிட்டால், புது டாக்ஸிவே பழைய புல்வெளிக்கு அடியில் புதைந்து போகும். டிரைவ் எழுத்தையும் குறித்துக்கொண்டேன். என் ஊர்க்காட்சிகள் எல்லாம் டி டிரைவில் இருந்தன, பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் 'டி' என்று எழுதியிருக்கிறது. புதுப் பெட்டியில் அந்த இடத்தில் வேறு எழுத்து விழுந்தால் ஒவ்வொரு வரியாகத் திருத்த வேண்டும். அதைவிட, புது டிஸ்க்குக்கும் டி என்றே பெயர் வைத்துவிடுவது புத்திசாலித்தனம். விண்டோஸில் அரை நிமிஷ வேலை.

சில கோப்புகளைச் சுமக்கவே கூடாது. எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜியில் பழைய கிராஃபிக்ஸ் கார்டின் பெயரே எழுதியிருக்கும். ஷேடர் ஃபோல்டரில் அந்தக் கார்டுக்காகவே வடித்த கோப்புகள் கிடக்கும். இரண்டையும் விட்டுவிட்டால் முதல் முறை ஓடும்போது சிமுலேட்டரே புதிதாக எழுதிக்கொள்ளும். பழைய சிஎஃப்ஜியிலிருந்து கையால் சேர்த்த வரிகளை மட்டும், ஹைமெம்ஃபிக்ஸ் மாதிரி, பொறுக்கி எடுத்துப் புதியதில் எழுதினால் போதும். வலையில் யாரோ எழுதிவைத்த இருபது 'மந்திர வரி'களை அப்படியே ஒட்டுகிற பழக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. அவை வேறொருவருடைய பெட்டிக்குச் செய்த மருந்து.

தட்டுகள் ஒரு தனி வழக்கு. புதுப் பெட்டியில் டிவிடி டிரைவே கிடையாது. எஃப்எஸ்எக்ஸுக்கு ஒரு வழி இருந்தது. 2014 டிசம்பரில் டவ்டெய்ல் கேம்ஸ் அதையே ஸ்டீமில் வெளியிட்டது. தட்டு வேண்டாம், பழைய ஆக்டிவேஷன் தொல்லையும் இல்லை. அதை வாங்கி நிறுவி, பழைய விமானங்களை அதன்மேல் ஏற்றினேன். பழைய துணைப் புரோகிராம்கள் சிமுலேட்டரோடு பேசும் சிம்கனெக்ட் என்ற வாய்க்காலுக்கு மூன்று தலைமுறைப் பதிப்புகள் உண்டு. ஸ்டீம் பதிப்பின் ஃபோல்டருக்குள்ளேயே 'லெகசி இன்டர்ஃபேஸஸ்' என்று அவை தூங்குகின்றன. தட்டி எழுப்பி நிறுவாவிட்டால் பாதித் துணைப் புரோகிராம்கள் ஊமையாக நிற்கும். ஒரு விமானத்தை விற்ற நிறுவனம் கடையையே மூடிவிட்டிருந்தது. பதிவு எண் என் நோட்டில் இருக்கிறது, அதைச் சரிபார்க்கும் சர்வர் இல்லை. அந்த விமானத்துக்குக் கோடு போட்டுவிட்டேன்.

2003-ல் வந்த பழைய பதிப்பு, ரைட் சகோதரர்கள் முதலில் பறந்ததன் நூற்றாண்டுக்காக வெளியிட்டது, நாலு சிடி. அதற்கு இந்த வழியும் இல்லை. அந்தத் தட்டுகளில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு. பாதுகாப்புக்கு ஆபத்து என்று அந்தப் பூட்டைத் திறக்கும் டிரைவரை விண்டோஸ் 10-லிருந்து சேர்ப்பதில்லை. சொந்தக் காசு கொடுத்து வாங்கிய தட்டு கையில் இருந்தும் ஓடாது. எனவே பழைய பெட்டியைத் தூக்கிப்போடவில்லை. கெப்பாசிட்டரை மாற்றி, இணைய வயரைப் பிடுங்கி, அந்த ஒரு பதிப்புக்காக மட்டும் வைத்திருக்கிறேன். காப்புரிமையைக் காக்க வந்த பூட்டு, கடைசியில் வாங்கியவனை மட்டும் வெளியே நிறுத்திவிட்டது.

இதுவரை சொன்னது பொறுமை இருந்தால் யாரும் செய்யக்கூடியது. கஷ்டம் கைகால்களில்தான் இருக்கிறது.

என்னுடைய ரடர் பெடல்கள் கடையில் வாங்கியவை அல்ல. வீட்டில் ஓய்ந்துபோன குழித்தறியின் மிதிகட்டைகள். தறியில் இரண்டு மிதிகளையும் மேலே உருளையில் கயிறு போட்டு இணைத்திருப்பார்கள், ஒன்று இறங்கினால் மற்றது ஏறும். விமானத்தின் ரடர் பெடலுக்கும் அதே விதி, இடது போனால் வலது வரும். ஆகவே பெரிய மாற்றம் ஒன்றும் செய்யத் தேவையிருக்கவில்லை. உருளையின் அச்சில் ஒரு பொட்டென்ஷியோமீட்டரை மாட்டி, உடைந்த யூஎஸ்பி கேம்பேட் ஒன்றின் போர்டைப் பிய்த்து அதில் இணைத்தேன். ஆகிவிட்டது. தறிக்குழியில் கால்விட்டு வளர்ந்தவனுக்குக் கணுக்காலில் இருக்கிற நுட்பம் கட்டைவிரலில் இருக்காது. குறுக்குக்காற்றில் இறங்கும்போது ஓடுபாதைக் கோட்டுக்கு மூக்கைத் திருப்புகிற அந்த ஒரு வினாடியை என் கால்தான் பார்த்துக்கொள்ளும். நான் யோசிப்பதில்லை.

புதுப் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் அந்த வினாடி காணாமல் போயிற்று. மிதித்தால் மூக்கு தாமதமாகத் திரும்பியது, பிறகு அளவுக்கு மீறித் திரும்பியது. ஓட்டுகிறவன் இதை 'விமானம் சரியில்லை' என்றுதான் உணர்வான். அமைப்புகள் இருந்த கோப்பைத் திறந்து பார்த்தால் விஷயம் தெளிவு. சிமுலேட்டர் ஒவ்வொரு கருவியையும் ஒரு நீளமான அடையாள எண்ணை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறது. புது விண்டோஸ், புது போர்ட் என்று ஆனபின் அதே மிதிகட்டைக்கு வேறு எண். பழைய கோப்பு யாருக்கோ எழுதிய கடிதமாகிவிட்டது. சிமுலேட்டரும் முன்பின் தெரியாத கருவி என்று தன் இயல்புநிலை உணர்திறனைப் போட்டுக்கொண்டது.

இதற்கு மருந்து பீட் டவ்சன் என்ற ஆங்கிலேயர் எழுதிய எஃப்எஸ்யுஐபிசி. சிமுலேட்டருக்கும் கருவிகளுக்கும் நடுவில் நிற்கும் தரகர் அது. அதில் கருவிகளை எண்ணால் அல்லாமல் எழுத்தால் அழைக்கச் சொல்லலாம். ஜாய்ஸ்டிக் ஏ, மிதிகட்டை பி. அப்புறம் விண்டோஸ் என்ன எண் கொடுத்தாலும் ஏ ஏதான், பி பிதான். அளவுகள் மைனஸ் 16,384-லிருந்து பிளஸ் 16,383 வரை ஓடும். எந்த இடத்தில் நடு, நடுவில் மிதித்தாலும் ஒன்றும் நடக்காத செத்த இடம் எவ்வளவு, மிதிக்க மிதிக்க விளைவு கூடுகிற வளைவு எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் என் பழைய நோட்டிலிருந்து பார்த்து எழுதினேன். எழுதிய பிறகும் சரியாகவில்லை.

ஏனென்றால் இதற்குள் அந்த கேம்பேட் போர்டை மாற்றியிருந்தேன். அது மிதியின் முழு வீச்சையும் 256 படிகளாகத்தான் சொல்லும். அதற்குப் பதில் ஒரு ஆர்டுவினோ லியோனார்டோ வைத்தேன். நடுவில் வேறு சிப் இல்லாமல் கம்ப்யூட்டருக்கு நேராக ஜாய்ஸ்டிக்காகவே அறிமுகமாகிற போர்டு, 1,024 படி வாசிக்கும். நாலு மடங்கு நுட்பம். மேம்பாடுதானே? ஆனால் என் கால் 256 படிகளுக்குப் பழகியது. பழைய போர்டின் முரட்டுத்தனத்தை ஈடுகட்டத்தான் நான் நடுவில் அகலமான செத்த இடம் வைத்து, வளைவைச் சப்பையாக்கியிருந்தேன். கோளாறு போனபின் கோளாறுக்குச் செய்த மருந்து மட்டும் மிச்சம். ஆக, எண்ணைச் சுமந்து போவதில் பிரயோஜனமில்லை. அந்த எண் எதற்காகப் போட்டது என்பதையும் நோட்டில் எழுதியிருந்தால்தான் உதவும். இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் காரணத்தையும் எழுதுகிறேன். டிசைன் தொழிலில் இதைக் கண்டிப்பாகச் செய்வோம். எந்த வண்ணத்தை ஏன் மாற்றினோம் என்று கிராப் தாளின் ஓரத்தில் எழுதாத டிசைனரை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார்.

சரிபார்க்க நான் கையாண்ட முறை, சேமித்த பயணம். பத்து மைல் தொலைவு, 3,000 அடி, 737, வேகம் 140 நாட், வலப்பக்கமிருந்து குறுக்குக்காற்று, இடப்பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. இந்த நிலையைக் காற்றோடும் மேகத்தோடும் சேர்த்துக் கோப்பாகச் சேமித்துவிடலாம். அதே கோப்பைப் பழைய பெட்டியிலும் புதிய பெட்டியிலும் திறந்து மாற்றி மாற்றி இறங்கினேன். அந்த வேகத்தில் நிமிஷத்துக்குச் சுமார் 700 அடி இறங்கினால் சரிவில் நிற்கும். கண் முன்னால் இருக்கிற படம் இரண்டிலும் ஒன்றே. கால் மட்டும் வித்தியாசத்தைச் சொல்லும். கால் ஒன்றும் சொல்லாமல் ஆகும்வரை வளைவைத் திருத்தினேன்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். மிதிகட்டையை விமானத்துக்கு வைத்ததை எங்கள் தெருவில் சிலர் கேலி செய்ததுண்டு. ஆனால் இந்தக் கலையின் பூர்வீகமே அப்படித்தான். எட்வின் லிங்க் என்பவர் 1929-ல் உலகப் புகழ்பெற்ற முதல் பயிற்சி விமானப்பெட்டியைச் செய்தது நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில், தன் அப்பாவின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலையில். ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை வைத்துத்தான் பெட்டியைச் சாய்த்தார், தூக்கினார். பொருட்காட்சி விளையாட்டுச் சாமான் என்றே பல பேர் நினைத்தார்கள். 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டுபோகும்போது மேகத்தில் சிக்கி அடுத்தடுத்துச் செத்த பிறகுதான் ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. அந்தத் தொழிற்சாலை செய்த தானியங்கிப் பியானோக்களை இசைத்தது ஓட்டை குத்திய காகிதச்சுருள். ஓட்டை இருந்தால் ஒரு வேலை, இல்லாவிட்டால் வேறு வேலை. எங்கள் தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு பெட்டியின் அட்டைகளும் அதே பாஷைதான் பேசுகின்றன. 1804-ல் ஜக்கார்டு என்பவர் செய்த காரியம் அது. நான் பகலில் போடும் டிசைனும் இரவில் ஓட்டும் விமானமும் ஒரே கொடிவழியில் வந்தவை. கேலி செய்தவர்களிடம் இதை விளக்கினேன். அவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

புதுப் பெட்டிக்கு எட்டு கோர், முப்பத்திரண்டு ஜிபி நினைவகம். எஃப்எஸ்எக்ஸுக்கு அதில் பெரிய ஆர்வமில்லை. அது எழுதப்பட்ட காலத்தில் ஒற்றை கோரின் வேகம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பினார்கள். முக்கிய வேலை அத்தனையும் ஒரு கோரின் தலையில்தான். மற்றவை தரைப்படங்களை ஏற்றிக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்கும். அது 32 பிட் புரோகிராம் என்பதால் எவ்வளவு நினைவகம் போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் தொடாது. கனமான விமானமும் கனமான ஊரும் சேர்ந்தால் இறங்கும் தறுவாயில் இடம் தீர்ந்து, சக்கரம் தரையைத் தொடுவதற்குள் சிமுலேட்டர் மூடிக்கொள்ளும். அதைச் சீர்செய்ய ஆளுமில்லை, அதை உருவாக்கிய ஏசஸ் ஸ்டுடியோவை 2009 ஜனவரியிலேயே மூடிவிட்டார்கள். ஆகவே ஊரின் கனத்தைக் குறைத்துக்கொள்வதுதான் நம் கையில் இருப்பது. வந்த நன்மை என்று பார்த்தால், முன்பு மீனம்பாக்கத்துக்கு மேலே தத்தித் தத்தி நகர்ந்த படம் இப்போது வழுக்கிக்கொண்டு போகிறது. கண்ணுக்கு இதம். இறங்குவதற்கு இது உதவியதா என்று கேட்டால், உதவியது. தரையை நெருங்கும் கடைசி அடிகளில் எப்போது தூக்க வேண்டும் என்பது படத்தின் ஓட்டத்தில்தான் தெரியும்.

இவ்வளவு நல்ல பெட்டியில் பழையதை மட்டும் ஓட்டுவானேன் என்று 2020 ஆகஸ்டில் வந்த புது மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரையும் போட்டுக்கொடுத்தான் அக்கா மகன். பிரான்ஸின் போர்தோவில் இருக்கும் அசோபோ ஸ்டுடியோ செய்தது. பூமி முழுக்க செயற்கைக்கோள் படத்தை இணையத்தில் இழுத்துக்கொண்டே ஓடுகிறது. முதல் தடவை காஞ்சிக்கு மேலே பறந்தபோது நான் பேசவில்லை. பழையதில் எங்கள் ஊர் ஏதோ ஒரு ஆசிய நகரத்தின் பொதுவான தரைப்படம். இதில் பாலாற்றின் மணல் தெரிகிறது, வேகவதியின் கோடு தெரிகிறது, செவிலிமேடு தெரிகிறது. ஏரிகள் ஏரிகளாக இருக்கின்றன. ஆனால் கட்டடங்களை எழுப்புவது கம்ப்யூட்டரின் ஊகம். லண்டனில் பக்கிங்ஹாம் அரண்மனையையே அது அலுவலகக் கட்டடமாக எழுப்பியது. மெல்பர்ன் பக்கத்தில் யாரோ வரைபடத்தில் இரண்டு மாடி என்பதற்கு 212 என்று தட்டிவிட்டதால் வானளாவிய ஊசி ஒன்று நின்றது. அப்படிப்பட்டதிடம் கோபுரத்தை எதிர்பார்க்க முடியுமா?

கோபுரத்தை நான் பழையதிலேயே கட்டியிருந்தேன். ஜிமேக்ஸ் என்ற இலவசக் கருவியில், 1509-ல் கிருஷ்ணதேவராயர் கட்டிய ஏகாம்பரநாதர் ராஜகோபுரம், சுமார் 190 அடி. அடுக்கடுக்காகக் குறுகும் பெட்டிகள், அவற்றின் முகத்தில் நான் எடுத்த புகைப்படங்கள். இதைப் புதியதற்குக் கொண்டுபோவதுதான் இந்த இடமாற்றத்தில் நான் ரசித்துச் செய்த வேலை. பழைய மாடல் கோப்பைப் புதியது நேரடியாக ஏற்பதில்லை, அதற்கு ஜிஎல்டிஎஃப் என்ற வடிவம் வேண்டும். ஆர்னோ கெரிட்சன் என்பவர் எழுதி இலவசமாகத் தரும் மாடல்கன்வர்ட்டர்எக்ஸ் அந்த மாற்றத்தைச் செய்துவிடும். மாற்றி வைத்துப் பார்த்தால் கோபுரம் நிற்கிறது. ஆனால் ஏதோ சீக்கு வந்தது மாதிரி இருக்கிறது. யோசித்துப் பார்த்தபின்தான் பிடிபட்டது. பழையதில் வெளிச்சம் சுமாராகத்தான் இருக்கும் என்பதால் சாயங்கால வெயிலில், சுதைச் சிற்பங்களின் நிழல் நன்றாக விழும்போது படம் எடுத்திருந்தேன். நிழல் படத்திலேயே ஒட்டிக்கொண்டது. புதியதில் சூரியன் நிஜமாகவே நகர்கிறது. காலை எட்டு மணிக்குக் கிழக்கிலிருந்து வெயில் அடிக்க, சிற்பங்களின் நிழலும் கிழக்கே விழுந்து கிடந்தது. புதிய சூரியனுக்கு நிழலில்லாத படம்தான் வேண்டும். ஐப்பசி மப்பில், வானம் முழுக்கச் சாம்பல் பூத்த ஒரு நாள் போய் நாலு முகத்தையும் மறுபடி எடுத்தேன். கோயில் வாசலில் பூ விற்கும் அம்மா, "வெயில் வந்தா எடுப்பா, எடுப்பா இருக்கும்" என்று அக்கறையாகச் சொன்னார். அவருக்கு எப்படி விளக்குவது?

கோபுரம் நிற்க வேண்டிய இடத்தில் சிமுலேட்டர் முளைக்கவைத்த வீடுகளையும் மரங்களையும் விலக்க ஒரு எல்லைக்கோடு வரைய வேண்டும், தரையைச் சமமாக்க இன்னொன்று. செயற்கைக்கோள் படத்தில் நிஜக் கோபுரத்தின் நிழல் தரையில் ஒட்டிக் கிடக்கிறது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கைலாசநாதர் கோயிலை இன்னும் தொடவில்லை. பல்லவன் ராஜசிம்மன் காலத்து மணற்கல், தாழ்ந்த விமானம், சுற்றிலும் சின்னச் சின்னச் சந்நிதிகள். 3,000 அடியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு மணல்நிறப் புள்ளி. நுணுக்கம் எத்தனை கிலோபைட் தின்னும் என்று கணக்குப் போட்டால் மனசு வரவில்லை. ஆனாலும் செய்வேன், அது என் தெருக்கோடி.

காஞ்சிக்குப் பக்கத்துப் பரந்தூர் விஷயத்தில் எனக்கும் அக்கா மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. சென்னையின் இரண்டாவது விமான நிலையம் அங்கே வரும் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் எடுப்பார்கள். அந்த நிலத்தில் இருக்கும் ஏகனாபுரத்துக்காரர்கள் எங்கள் ஏரியும் வயலும் போகும் என்று அன்றிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவன் சிமுலேட்டரில் அங்கே ஓடுபாதை போட்டுப் பார்க்கலாம் என்றான். போடுவது சுலபம். ஆனால் ஓடுபாதை போடும் முன் அங்கே இருப்பதை விலக்க எல்லைக்கோடு வரைய வேண்டுமே. படத்தில் அந்த ஏரி பளபளவென்று தெரிகிறது. விமானப் பைத்தியமான எனக்கு வீட்டுப் பக்கத்தில் விமான நிலையம் வருவது ஆசையாகத்தான் இருக்க வேண்டும், இருக்கவும் செய்கிறது. ஆனாலும் அந்தக் கோட்டை என் பெட்டியில் நான் வரைய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் தன் லேப்டாப்பில் வரைந்துகொண்டான். அது அவன் வானம்.

இப்போதைக்கு இரண்டு சிமுலேட்டர்களும் ஒரே பெட்டியில் ஓடுகின்றன. கோபுரத்தைச் சுற்றிப் பார்க்கப் புதியது, 07-ல் இறங்கப் பழையது. புதியதில் காற்று அழகாக வீசுகிறது, ஆனால் அதில் மிதியின் பதம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. எஃப்எஸ்யுஐபிசியின் ஏழாம் பதிப்பு அதற்கும் வேலை செய்கிறது, வளைவைத் தனியாகப் போட்டிருக்கிறேன். லாக்புக்கையும் சேமித்த பயணங்களையும் இரண்டு டிஸ்க்கில் பிரதி எடுத்தாகிவிட்டது. ஒன்று அக்கா வீட்டில் இருக்கிறது. யூஎஸ்பி போர்ட்டுகளுக்கு மேலே ஏ, பி என்று மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மிதிகட்டையில் இன்னும் பிரேக் இல்லை. நிஜ பெடலில் நுனிக்காலால் அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரம் பிடிக்கும். தறி மிதிக்கு அப்படி ஒரு வேலை இருந்ததே இல்லை, கட்டை முழுசாகத்தான் இறங்கும். நுனியில் ஒரு துண்டுப் பலகையைக் கீல் போட்டு மாட்டி, அதற்கும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் வைக்கலாம் என்று இருக்கிறேன். ஆர்டுவினோவில் இடம் இருக்கிறது. கட்டை பழைய தேக்கு, ஆணி இறங்க மாட்டேன் என்கிறது. தச்சர் வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.